டொப்பான் நற்பணி மன்றம்

கோவிந்தன் ஒரு சினிமா நடிகரின் ரசிகர் மன்றத்துக்குத் திருமுல்லைவாயில் கிளைச் செயலாளராக இருந்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியது சோற்றுக்கு. மற்ற நேரமெல்லாம் மன்றத்துக்கு. கட்-அவுட்டுக்குச் சாரம் கட்டும்போது விழுந்து தோள்பட்டையை இறக்கிக்கொண்டிருக்கிறான். பட ரிலீஸ் குறுக்கே வந்தது என்று தன் கல்யாணத்தையே அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறான். அதை அவன் மனைவி ராணி இன்னும் மறக்கவில்லை.

அந்த நடிகரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கோவிந்தன் வேன் பிடித்து, ஆள் உயரத்துக்கு ஏலக்காய் மாலை கட்டிக்கொண்டு, கிளை உறுப்பினர்களோடு போனான். ரசிகர்களை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவாம். வெயிலில் நிற்க வைத்தார்கள். சாயங்காலம் நடிகரின் கார் வந்தது. கண்ணாடி ஏறியே இருந்தது. கூட்டம் முண்டியடிக்க, வாட்ச்மேன் தடியைச் சுழற்றினான். கோவிந்தன் முதுகில் ஒன்று விழுந்தது. மாலை கீழே விழுந்தது. அதன் மேல் ஒரு மந்திரியின் கார் ஏறிப் போனது.

அடுத்த வாரம் சலூனில் புரட்டிய பத்திரிகையில், "என் ரசிகர்கள்தான் என் குடும்பம்" என்று நடிகர் பேட்டி கொடுத்திருந்தார். கோவிந்தன் பாதி ஷேவிங்கிலேயே எழுந்துவிடப் பார்த்தான். சலூன்காரர் உட்கார வைத்து மீதியை முடித்து அனுப்பினார்.

"இனிமே எந்த மனுசனுக்கும் மாலை போட மாட்டேன்," என்று வீட்டுக்கு வந்து ராணியிடம் சொன்னான்.

"எனுக்குப் போட்டதே கடைசியா இருக்கட்டும்," என்றாள் ராணி.

அவள் அம்பத்தூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். கொஞ்ச நாள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். போஸ்டர் பசை காய்ச்சிய பக்கெட் குளிக்கிற பக்கெட்டாக மாறியது. ஆனால் ஷிப்டு முடிந்து நேராக வீட்டுக்கு வந்து, சாம்பாரில் உப்பு பார்த்து, தீப்பெட்டி ஏன் இந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்கிற புருஷன் அவளுக்குப் பழக்கமில்லை. கஜபதி கடைக்குப் போய்வருகிறேன் என்று ஒரு நாள் அவன் சொன்னபோது, "போ, மெதுவா வா," என்று அனுப்பி வைத்தாள்.

கஜபதி ரயில்வே கேட் பக்கத்தில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன். தெருத் தெருவாகக் கேபிள் ஒயர் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. அலமாரிகளைக் கழற்றிவிட்டு, பர்மா பஜாரிலிருந்து டிவி கேம் செட்டுகள் வாங்கிப் போட்டு, 'கஜா வீடியோ கேம்ஸ், குளிர்சாதன வசதியுடன்' என்று போர்டு எழுதினான். குளிர்சாதனம் என்பது ஒரு டேபிள் ஃபேன். அன்று ஒரு ரிமோட்டில் பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்டதால், லேத் வேலைக்காரன் என்று கோவிந்தனைக் கூப்பிட்டிருந்தான். கோவிந்தன் ஒரு பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டுப் பட்டனைச் சரிசெய்தான். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தான். அப்போதுதான் அதைப் பார்த்தான்.

உருண்டை உடம்பு. மாங்காய் பழுக்கிற சமயத்து நிறம். கீழ் வரிசையில் ஒற்றைப் பல். விசிறி மாதிரி இரண்டு காது. குதித்தால் 'டொப்' என்று ஒரு சத்தம். கேம் கேசட் மேல் ஒட்டியிருந்த எழுத்து ஜப்பானா சீனாவா என்பதே யாருக்கும் தெரியாததால், அதன் சொந்தப் பெயரும் தெரியவில்லை. ஆட வருகிறவர்கள் டொப்பான் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"இது இன்னா பண்ணும் கஜா?"

"காட்டத் தாண்டி, ஆத்தத் தாண்டி, கடைசில ஒரு மணி கீது. அத்த அடிச்சா ஜெயிச்சுடும்."

"பேசுமா?"

"இன்னாத்த பேசும். குதிக்கும், அவ்ளோதான்."

கோவிந்தன் டொப்பானைக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போனான். பள்ளத்தில் விழுந்தது. முகம் கோணாமல் மறுபடி முதலிலிருந்து நடக்க ஆரம்பித்தது. மறுபடி விழுந்தது. மறுபடி நடந்தது. கோவிந்தன் ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நாம அமுக்குன பக்கம் போவுது கஜா. இத்தினி வருசத்துல எந்தத் தலைவன் நாம சொன்ன பக்கம் போயிருக்கான்?"

கஜபதி இதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தான். கோவிந்தன் சிரிக்கவில்லை.

தினமும் போனான். யோசிக்க யோசிக்க டொப்பானிடம் ஒரு குறையும் தென்படவில்லை. குடிப்பதில்லை. சின்ன வீடு இல்லை. வருமான வரிக்காரர்கள் வந்ததில்லை. கட்சி ஆரம்பிக்கப் போகிறேன், ஆரம்பிக்கப் போகிறேன் என்று ஆசை காட்டி ஏமாற்றுவதில்லை. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போவதில்லை, ஏனென்றால் காரே இல்லை. மனுசனுக்குத்தானே மாலை போட மாட்டேன் என்று சொன்னோம் என்று கோவிந்தனுக்கு ஒரு வழி பிறந்தது.

இப்படியாக, 'அகில இந்திய டொப்பான் நற்பணி மன்றம், திருமுல்லைவாயில் கிளை' உருவாயிற்று. பழைய கிளையில் சலித்துப்போயிருந்தவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பசை பக்கெட்டைத் தூக்கி ரொம்ப நாளாகிக் கை அரித்துக்கொண்டிருந்தது. புதிதாக வந்தவர் வேலுசாமி. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், ஆவடி டிபன்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர், ஸ்டோர்ஸில் கிளார்க். யூனியன் தேர்தலில் நின்று நின்று தோற்றவர். எந்தச் சங்கத்திலாவது செயலாளர் ஆகிவிட வேண்டும் என்பது அவருக்கு வாழ்க்கை லட்சியம்.

"மன்றத்துக்குத் தலைமையகம் எங்கீங்க?" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார்.

"தலைமை டிவில கீது சார். கிளை இங்க கீது," என்றான் கோவிந்தன்.

வேலுசாமிக்குத் திருப்தி. செயலாளர் ஆனார். கோவிந்தன் தலைவர்.

கட்-அவுட் வரைய கரையான்சாவடியில் ஒரு ஆர்டிஸ்டைப் பிடித்தார்கள். அவர் இருபது அடிக்குக் குறைந்து எதையும் வரையாதவர், மீசை இல்லாமலும் வரையாதவர். கேசட் மேலிருந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாத்துக்கலாம்," என்றார். முடித்துக் கொடுத்தபோது டொப்பானுக்கு ரோஜா நிறக் கன்னமும் மெல்லிய மீசையும் கழுத்தில் ஒரு கைக்குட்டையும் வந்திருந்தன. உறுப்பினர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். மீசை எடுப்பாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள்.

மோர்ப் பந்தல் வைத்தார்கள். ரத்த தானம் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "யாருக்குப் பொறந்த நாளு?" என்று கேட்டார்.

"டொப்பானுக்கு."

"எந்த ஊரு?"

"ஜப்பான்."

"நல்லா இருக்கட்டும்," என்று சொல்லி ஊசியைக் குத்தினார்.

அடுத்த தீபாவளிக்குக் கஜபதி புது கேசட் கொண்டுவந்தான். அதிலும் டொப்பான் வருகிறார் என்று சேதி பரவியது. இதற்குள் 'அது' போய் 'அவர்' ஆகிவிட்டிருந்தது. ரிலீஸ் அன்று கடை வாசலில் தாரை தப்பட்டை. கேனில் பால். டிவிக்குத்தான் அபிஷேகம் என்று கூட்டம் கிளம்ப, கஜபதி டிவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள கரெண்ட் கீது நைனா. எல்லாரும் செத்துடுவீங்க. வெளிய போயி கட்-அவுட் பலகை மேல ஊத்துங்க."

பலகை மேல் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கார் ரேஸ் கேம். கார்கள் பறந்தன. டொப்பானைக் காணோம். உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திடீரென்று, பாதை ஓரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே நின்று சின்னதாய் ஒரு கொடி ஆட்டிக்கொண்டிருந்தார் டொப்பான். கண் சிமிட்டுவதற்குள் கார் தாண்டிவிட்டது. விசில் காதைக் கிழித்தது. கிழித்துப்போட்ட பேப்பர் கஜபதி தலையில் விழுந்தது. அடுத்த சுற்றில் பெட்ரோல் பங்க் வந்ததும் காரை நிறுத்தச் சொன்னார்கள். கார் நின்றது. மற்ற கார்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. இவர்கள் கடைசி. யாரும் கவலைப்படவில்லை.

"இதுக்குப் பேர் கௌரவத் தோற்றமுங்க," என்றார் வேலுசாமி.

"அந்தச் சின்ன வேசத்துலயும் கொடிய எப்டி ஆட்டுனாரு பாத்தியா," என்றான் கோவிந்தன்.

பிறகு ஒரு கால்பந்து கேம் வந்தது. அதில் டொப்பான் கோல் கீப்பர். எந்தப் பந்தையும் பிடிக்கவில்லை. மைதானம் சரியில்லை என்று மன்றம் முடிவு செய்தது.

பிரச்சினை தொண்ணூற்றாறில் வந்தது. புது கேசட்டில், கையில் சுத்தியலோடு ஒரு சின்னப் பையன். அவன்தான் கதாநாயகன். ஒவ்வொரு மாடியாக ஏறி ஒரு கோட்டைக்குள் போகிறான். டொப்பான் எப்போது வருவார், எப்போது வருவார் என்று உறுப்பினர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். உச்சி மாடியில் சிம்மாசனம். அதில் கறுப்பு அங்கி போட்டு, கண் சிவந்து, நெருப்பு துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் டொப்பான். பையன் சுத்தியலால் அடித்தான். டொப்பான் செத்தார். திரையில் வாண வேடிக்கை.

விசிலுக்கு வாயில் வைத்திருந்த விரலை உறுப்பினர்கள் மெதுவாக எடுத்தார்கள்.

"இது அவரில்லீங்க. டூப்புங்க," என்றார் வேலுசாமி கடைசியில்.

"ஒத்தப் பல்லு அவுருதுதான் சார். வில்லன் வேசம் கட்டியிருக்காரு. நல்ல ஆளு கெட்டவனா வந்தாதான் நடிப்பு."

"நடிக்கட்டுமுங்க. அதுக்காகப் பொடியங்கிட்ட அடி வாங்கிச் சாகறதாங்க?"

அவசரக் கூட்டம் போட்டார்கள். திருமுல்லைவாயில் எல்லைக்குள் அந்த கேமில் யாரும் ஜெயிக்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. அன்றிலிருந்து கஜபதி கடையில் மாற்றி மாற்றிக் காவல். ஆட வருகிறவன் கஷ்டப்பட்டு உச்சி மாடிக்கு ஏறுவான். பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழும். "போதும் தம்பி. எறங்கி வா." அவன் அந்தப் பையனைத் திருப்பி, ஒவ்வொரு மாடியாகக் கீழே இறக்கிக்கொண்டு வர வேண்டும். ஆட்டக்காரர்கள் அம்பத்தூர் கடைகளுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

"ஜெயிக்கத்தான்யா கடைக்கு வரான்," என்று கஜபதி கெஞ்சினான். "தோக்கறதுக்கு அவன் ஊடே போதும்."

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதற்கிடையில் மன்றமும் உடைந்தது. அந்தக் கேசட்டே போலி, அதைக் கொளுத்த வேண்டும் என்றார் வேலுசாமி. கொளுத்தக் கூடாது, காவல் போதும் என்றான் கோவிந்தன். வெளியில் சொன்ன காரணம் இது. உள்ளே இருந்த காரணம், மன்றத்து ரப்பர் ஸ்டாம்பு யார் வீட்டில் இருப்பது என்பது. வேலுசாமி பிரிந்து போய்ப் பருத்திப்பட்டில் 'உண்மை டொப்பான் நற்பணி மன்றம்' தொடங்கினார். உண்மை என்பதற்கு அடையாளமாக மீசை இல்லாத கட்-அவுட் வைத்தார். சுவருக்குச் சுவர் டொப்பான். ஒன்றில் மீசை உண்டு, ஒன்றில் கிடையாது.

அந்த வருஷம் நகராட்சித் தேர்தல் வந்தது. ஏரியை ஒட்டி மனை பிரித்து விற்கிற உலகநாதன் கவுன்சிலருக்கு நின்றார். வழியெல்லாம் கட்-அவுட்டைப் பார்த்து, "யாருய்யா இந்த டொப்பான்?" என்று கூட வந்தவனிடம் கேட்டார்.

"ஜப்பான்ல கீறாராம் தலைவரே. ரெண்டு கோஷ்டி இருக்குது அவுருக்கு."

"ரெண்டு கோஷ்டின்னா பெரிய ஆளாத்தான் இருக்கணும்," என்றார் உலகநாதன்.

மறுநாளே சால்வையோடு கோவிந்தன் வீட்டு வாசலில் வந்து நின்றார். சந்து முழுக்க வெள்ளை வேட்டிகள். தலைவர்கள் வீட்டு கேட்டில் வெயில் காய்ந்த கோவிந்தனுக்கு, ஒரு தலைவர் தன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்துக் கண் கலங்கியது. மன்றத்தின் ஆண்டு விழாவில் உலகநாதன் பேசுவார், மன்றத்தின் ஓட்டு உலகநாதனுக்கு என்று முடிவாயிற்று.

அவர் போன பிறகு ராணி டம்ளர்களை எடுத்தாள். "அந்தாளுக்கு டொப்பான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாமயா ஊடு தேடி வராரு?"

"தெரிஞ்சா வர மாட்டாரு," என்று சொல்லிவிட்டு டம்ளர் கழுவப் போனாள்.

ஆண்டு விழாவுக்குத் தெருவை அடைத்து மேடை போட்டார்கள். மேடையில் உலகநாதன், கோவிந்தன், மீசை வைத்த கட்-அவுட், ஒரு மேஜை, மேஜை மேல் கஜபதியின் டிவி. பேச்சு முடிந்ததும் விளையாட்டைத் தலைவர் தொடங்கி வைப்பார் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. உலகநாதன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. டொப்பான் அவர்களை நான் இன்று நேற்றல்ல, நீண்ட காலமாக அறிவேன். அவரும் நானும் ஒரே இலையில் சாப்பிட்டவர்கள். நேற்றுக்கூடத் தொலைபேசியில் அழைத்து, உலகநாதா, திருமுல்லைவாயில் மக்களுக்குக் குடிதண்ணீர் கிடைத்ததா என்று கேட்டார்."

உறுப்பினர்கள் கோவிந்தனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கட்-அவுட்டைப் பார்த்தான். பிறகு, மேடையில் உட்கார்ந்திருந்த அவன்தான் முதலில் கை தட்டினான். தெருவே தட்டியது.

அடுத்து விளையாட்டு. கஜபதி அன்று காட்டைத் தாண்டுகிற பழைய கேசட்டைக் கொண்டுவரவில்லை. கோட்டை கேசட்டைப் போட்டு, உச்சி மாடி வரைக்கும் முன்னாலேயே ஆடி நிறுத்தி வைத்திருந்தான். உலகநாதன் கையில் ஒரு ரிமோட்டைக் கொடுத்தான். அதன் ஒயர் மேஜை விரிப்புக்குள் போய், எதிலும் மாட்டாமல் தொங்கியது. வேலை செய்கிற ரிமோட்டை எடுத்துக்கொண்டு கஜபதி மேஜைக்குப் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

திரையில் கோட்டையைப் பார்த்ததும் கோவிந்தன் நாற்காலியைத் தள்ளினான். எழுந்து தடுப்பதற்குள் சுத்தியல் விழ ஆரம்பித்துவிட்டது. உலகநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டு, தொடர்பில்லாத பட்டன்களைப் பேய் மாதிரி அமுக்கினார். அங்கி கிழிந்தது. ஒற்றைப் பல் தெறித்தது. டொப் என்று ஒரு கடைசிச் சத்தம். வாண வேடிக்கை.

உலகநாதன் இரண்டு கையையும் தூக்கினார். "பாத்தீங்களா. அநியாயக்காரன் எவனா இருந்தாலும் உலகநாதன் கையில இதுதான் கதி."

அவர் வேனில் கூட்டி வந்திருந்த கூட்டம் கை தட்டியது. மன்றத்துக்காரர்கள் கல்லாக நின்றார்கள். கோவிந்தன் குனிந்து அவர் காதில் சொன்னான்: "தலைவரே, இப்ப நீங்க அடிச்சதுதான் டொப்பான்."

உலகநாதன் திரையைப் பார்த்தார். கட்-அவுட்டைப் பார்த்தார். "மீசை இல்லியேய்யா," என்றார் மெல்ல. அப்புறம் மைக்கை இழுத்துக்கொண்டார்.

"நட்பு வேறு, நீதி வேறு. தவறு செய்தவர் என் உயிருக்கு உயிரான டொப்பானே ஆனாலும், இந்த உலகநாதன் விட்டு வைக்கமாட்டான். இப்போது சொல்லுங்கள், இந்த வார்டை நம்பி யார் கையில் கொடுக்கலாம்?"

தெரு ஆர்ப்பரித்தது. கல்லாக நின்ற உறுப்பினர்களில் ஒருவன் விசில் அடித்தான். பக்கத்திலிருந்தவன் அவனைப் பார்த்தான். பிறகு அவனும் அடித்தான்.

உலகநாதன் ஜெயித்தார். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் போனார்கள். செத்தது டூப்புதான் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்த வேலுசாமி, கவுன்சிலருக்கு மனத்தாங்கல் எதுவும் வேண்டாம் என்று நேரில் போய் விளக்கினார். வார்டு நலக் கமிட்டியின் செயலாளர் ஆனார். குவார்ட்டர்ஸ் முழுக்க லட்டு கொடுத்தார்.

கோவிந்தன் சில நாள் பட்டறை, வீடு என்று மட்டும் இருந்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கஜபதி கடைக்குப் போனான். கஜபதி போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். எஸ்.டி.டி. பூத் வைக்கப்போகிறானாம்.

"ஏன் கஜா அப்டி பண்ண?"

"என் கடைய காலி பண்ணிட்டீங்களே, அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றான் கஜபதி. கோபமாகச் சொல்லவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டான். "நான் அடிச்சது கேசட்ல. அந்தாளு கூசாம அவ்ளோ பொய் சொல்லச்சொல்ல மொதல்ல கை தட்டுனது யாரு, நைனா?"

கோவிந்தன் போர்டின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமாக இறக்கி உள்ளே வைத்தார்கள். கிளம்பும்போது கஜபதி ஒரு செட்டையும் காட்டு கேசட்டையும் பையில் போட்டு அவன் கையில் கொடுத்தான். இனி அது யாருக்கு வேண்டும் என்றான்.

வீட்டில் ராணி நைட்டியோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் ஒயர்களை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரையில் காடு வந்தது. "இங்க குடு," என்று கை நீட்டினாள். இத்தனை நாள் இந்தப் பேச்சையே கேட்டிருந்தாளே தவிர, அவள் அதைப் பார்த்தது அன்றுதான்.

"இதா? இந்தக் குண்டனுக்கா இவ்ளோ அமர்க்களம்?"

அவள் அமுக்கினாள். டொப்பான் நேராகப் பள்ளத்தில் போய் விழுந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி அமுக்கினாள், மறுபடி பள்ளம். தரையில் பூண்டுத் தோல் பறக்கச் சிரித்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"குதிக்கணும் ராணி. அந்தச் செகப்பு பட்டன—"

"நீ கம்முனு இரு. நான் இன்னும் கொஞ்சம் வுழறேன்," என்றாள்.

கோவிந்தன் தரையில் உட்கார்ந்து, மீதிப் பூண்டை உரிக்க ஆரம்பித்தான்.